குற்றாலம் பங்களாவுல பழைய பூல் டேபிளா? விலை பேசுறதுக்கு முன்னாடி குனிஞ்சு அடியில பாருங்க!

உங்க வாட்ஸ்அப்புக்கு ஒரு போட்டோ வருது. "பழைய பூல் டேபிள் விற்பனைக்கு. குற்றாலம் பங்களா அயிட்டம். ஃபுல் தேக்கு. 100 வருஷத்துக்கு மேல." பச்சைத் துணி கிழிஞ்சு தொங்குது. மேல நாலஞ்சு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து அடுக்கியிருக்காங்க. ஓரத்துல ஏதோ ஒரு பித்தளைத் தகடு மங்கலாத் தெரியுது.

இல்லைன்னா கதை தலைகீழ். விக்கப்போறதே உங்க வீட்டுக்காரங்கதான். "இடத்தை அடைச்சுக்கிட்டு கிடக்கு. பிரானூர் மரக்கடையில கேட்டா கன அடி கணக்குப் போட்டு எடுத்துக்குவாங்க"ன்னு சித்தப்பா போனைக் கையில எடுத்துட்டார்.

ரெண்டு இடத்துலயும் ஏமாற வாய்ப்பு இருக்கு. முதல் கதையில, நேத்து செஞ்ச மேஜையில ஒட்டுன பழைய தகட்டுக்குப் பணம் கொடுத்துடுவீங்க. ரெண்டாவது கதையில, லண்டன்ல இருந்து கப்பலேறி வந்த ஒரு மேஜை, எட்டுக் கால் தேக்கோட விலைக்கு அறுவை மில்லுக்குப் போயிடும். மேஜையை யார் செஞ்சது, எந்தக் காலத்துதுன்னு ஓரளவுக்காவது தெரிஞ்சா ரெண்டையும் தவிர்க்கலாம். அதுக்கு நிபுணர் ஆகணும்னு அவசியமில்லை. ஒரு டேப், போன் டார்ச், கொஞ்சம் முதுகு வளைக்கிற மனசு, இது போதும்.

முதல்ல ஒரு கேள்வி. இந்த மாதிரி மேஜை தென்காசிப் பக்கம் எப்படி வரும்? குற்றாலம் கம்பெனி ஆட்சிக் காலத்துல இருந்தே அதிகாரிகள் சாரலுக்கு வந்து தங்குன ஊர். அப்புறம் ஜமீன்தார்கள், திருவிதாங்கூர் அரச குடும்பம்னு பல பேர் இங்க பங்களா வெச்சிருந்தாங்க. செங்கோட்டையே 1956 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் போனா தேயிலை, ரப்பர் தோட்டங்கள். அந்தக் காலத்துல ஒரு துரையோட வீட்லயோ கிளப்லயோ பில்லியர்ட்ஸ் ரூம்ங்கிறது, இப்போ நம்ம வீட்ல டிவி ஹால் இருக்கிற மாதிரி. 1904-ல செங்கோட்டை - கொல்லம் ரயில் பாதை திறந்தது. அதுக்குச் சற்று முன்னாடி வரைக்கும், தென்காசிக்கு இவ்வளவு கனமான சாமான் வரணும்னா கடைசி தூரம் மாட்டுவண்டிதான். பங்களாக்கள் லாட்ஜ் ஆகும்போதும், பாகப்பிரிவினை நடக்கும்போதும் இப்படிப்பட்ட சாமான்கள்தான் முதல்ல வெளியே வரும். மரக்கடைகள் வரிசையா நிக்கிற பிரானூர் பார்டர் பக்கத்துலயே இருக்கு. புரோட்டா சாப்பிடப் போற இடம்னு மட்டும் அதை நினைச்சுக்கிட்டு இருந்தா, இனிமே மரக்கடைப் பக்கமும் ஒரு கண் வைங்க.

பூல் இல்லை, பில்லியர்ட்ஸ்

நம்ம ஊர்ல பச்சைத் துணி போட்ட எல்லா மேஜைக்கும் பேரு "பூல் டேபிள்". ஆனா இங்க கிடைக்கிற உண்மையான பழைய மேஜை பெரும்பாலும் ஆங்கில பில்லியர்ட்ஸ் மேஜை. பின்னாடி அதுலயே ஸ்நூக்கரும் ஆடியிருப்பாங்க. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க டேப்பை எடுங்க.

குஷன்ல இருந்து குஷன் வரைக்கும், அதாவது பந்து ஓடுற பரப்பை மட்டும் அளங்க. ஃபுல் சைஸ் பில்லியர்ட்ஸ் மேஜைன்னா நீளம் சுமார் 3.57 மீட்டர், அகலம் சுமார் 1.78 மீட்டர். "12-க்கு 6"ன்னு சொல்றது இதைத்தான். இன்னிக்கு பார்லர்ல இருக்கிற 9 அடி பூல் டேபிள்னா ஆடுற பரப்பு 100-க்கு 50 இன்ச், 8 அடின்னா 88-க்கு 44 இன்ச். கால்களை எண்ணுங்க. ஃபுல் சைஸ் ஆங்கில மேஜைக்கு எட்டுக் கால். பாக்கெட் வாயைப் பாருங்க. ஆங்கில மேஜையில குஷன் பாக்கெட் பக்கம் வளைஞ்சு உள்ளே போகும், வாய் குறுகல். ஏன்னா அந்தப் பந்து 52.5 மில்லிமீட்டர்தான். அமெரிக்க பூல் மேஜையில குஷன் கத்தியால வெட்டுன மாதிரி சாய்வா நிக்கும், வாய் அகலம், பந்து 57 மில்லிமீட்டர்.

இன்னொரு சுலபமான அடையாளம் இருக்கு. மேல் மரச் சட்டத்துல வரிசையா புள்ளியோ டைமண்டோ பதிச்சிருந்தா அது அமெரிக்க வழி. ஆங்கில மேஜையோட சட்டம் மொட்டையா இருக்கும். பாக்கெட்டே இல்லாத மேஜை வந்தா ஏதோ உடைஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. அது கேரம், பிரெஞ்சுக்காரங்க விரும்பி ஆடுற வகை. நம்ம கேரம் போர்டுக்கும் அதுக்கும் பேர்ல மட்டும்தான் ஒற்றுமை.

படுத்துப் பாருங்க

தகட்டை நான் கடைசியாத்தான் பார்க்கச் சொல்வேன். தகட்டை நாலு ஸ்க்ரூ கழட்டி இன்னொரு மேஜைக்கு மாத்திடலாம். மாத்த முடியாதது அடியில இருக்கு. பாயைப் போட்டு, டார்ச்சைப் போட்டு, மல்லாக்கப் படுங்க. (பங்களா பூட்டியே கிடந்ததுன்னா, படுக்கிறதுக்கு முன்னாடி தேள், பாம்பு பார்த்துட்டுப் படுங்க. குற்றாலம் அது.)

முதல்ல கல். நல்ல மேஜையோட உயிரே துணிக்கு அடியில இருக்கிற ஸ்லேட் கல்லுதான். நாம பள்ளிக்கூடத்துல எழுதின சிலேட்டோட அண்ணன். லண்டன்ல ஜான் தர்ஸ்டன்கிற தச்சர் 1826-ல மேஜைக்கு ஸ்லேட் போட்டார். அதுவரைக்கும் அடித்தளம் மரப்பலகைதான். மழை பெஞ்சா பலகை உப்பும், வெயிலுக்கு வளையும், பந்து அது இஷ்டத்துக்குப் போகும். ஸ்லேட் வந்ததும் அந்தப் பிரச்னை போச்சு.

ஃபுல் சைஸ் மேஜையில ஸ்லேட் ஒரே கல்லா இருக்காது. அஞ்சு துண்டு. ஒண்ணோட ஒண்ணு உலோக முளையால கோத்திருக்கும். துணி மேல உள்ளங்கையை அழுத்தித் தடவினா குறுக்குவாட்டுல நாலு மூட்டு தட்டுப்படும். நேர்கோட்டுல, சம இடைவெளியில இருந்தா மூட்டு. கோணல்மாணலா ஓடினா விரிசல். விரிசல் விழுந்த கல்லோட விலையைப் பாதியாக் குறைச்சுப் பேசலாம்னு சிலர் நினைப்பாங்க. என்னைக் கேட்டா, மாத்துக் கல் கிடைக்குமான்னு விசாரிக்காம விலையே பேசக் கூடாது.

கனத்தைப் பாருங்க. பழைய ஃபுல் சைஸ் கல் ஒன்றரை இன்ச்சுல இருந்து ரெண்டு இன்ச் வரைக்கும் இருக்கும். இதுல ஒரு துண்டே ஒன்றரை குவிண்டால் அளவுக்கு வரும். மொத்த மேஜை ஒரு டன்னைத் தாண்டும். இப்போதைய பூல் டேபிள்ல பெரும்பாலும் ஒரு இன்ச் கல், மூணு துண்டு. ரெண்டு பேர் ஒரு பக்கத்தைப் பிடிச்சுத் தூக்குனதும் மேஜை அசைஞ்சு கொடுத்தா, "ஃபுல் சைஸ், லண்டன், ஸ்லேட்"ங்கிற பேச்சையெல்லாம் அங்கேயே நிறுத்திடலாம். அடியில பழுப்பு நிறத்துல மரத்தூள் அமுக்கின பலகையோ, அடுக்கடுக்கா பிளைவுட்டோ தெரிஞ்சாலும் அதே கதைதான்.

அடுத்தது சட்டம். பழைய மேஜையில கல்லைத் தாங்குற குறுக்குக் கட்டைகள் கை தடிமன் இருக்கும். ஆசாரி உளியால வெட்டின ரோமன் எண்களோ கோடுகளோ மூட்டுக்கு மூட்டு இருக்கான்னு தேடுங்க. எந்தக் கட்டை எந்தக் காலுக்குன்னு குறிச்சு வெச்சது அது. கழட்டி, பெட்டியில போட்டு, கப்பல்ல ஏத்தி, இங்க வந்து மாட்டணுமே! சில மேஜைகள்ல ஒரே எண்ணை சட்டத்துலயும் குஷன்லயும் அடிச்சிருப்பாங்க. எண் ஒத்துப்போனா சாமான் ஒரே குடும்பம். ஒத்துப்போகலைன்னா ரெண்டு மூணு மேஜையை வெட்டி ஒட்டின கலப்படமா இருக்கலாம். கலப்பட மேஜையில நல்லாவே ஆடலாம், தப்பில்லை. ஆனா ஒரிஜினல் விலை கொடுக்கக் கூடாது.

ஸ்க்ரூவையும் விடாதீங்க. பழைய மர ஸ்க்ரூ தலையில ஒரே ஒரு கோடு இருக்கும். நட்சத்திரக் குறி போட்ட தலை 1930-களுக்கு அப்புறம் வந்தது. குஷனைப் பிடிச்ச போல்ட்டுகள் பக்கவாட்டுல இருந்து போய், அதை மூட பொத்தான் மாதிரி மர மூடியோ பித்தளை மூடியோ போட்டிருந்தா பழைய பாணி. ஒண்ணு ரெண்டு நட்சத்திர ஸ்க்ரூ இருந்தா பயப்பட வேண்டாம், எப்பவோ ரிப்பேர் பார்த்திருப்பாங்க. எல்லாமே நட்சத்திரம்னா "வெள்ளைக்காரன் காலத்து மேஜை"ன்னு சொல்றவரை ஒரு புன்னகையோட பாருங்க.

மரம் என்னன்னு தெரிஞ்சுக்க பிரானூர்ல ஒரு பழைய ஆசாரியைக் கூட்டிட்டு வர்றது நல்லது. மகாகனின்னா இங்கிலாந்து வாடை அடிக்கும். தேக்கோ ஈட்டியோன்னா இந்தியாவுல செஞ்சதா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா நம்ம வெயிலுக்கும் கரையானுக்கும் தேக்குதான் தாங்கும்ங்கிறது அவங்களுக்கும் தெரியும். அதனால மரத்தை மட்டும் வெச்சு ஊரை முடிவு பண்ண முடியாது.

இப்போ தகட்டைப் பார்க்கலாம்

பித்தளையோ தந்த நிறத் தகடோ, பெரும்பாலும் மேஜையோட தலைப்பக்கச் சட்டத்துல இருக்கும். பிராஸோ போட்டுப் பளபளன்னு தேய்ச்சுடாதீங்க. எழுத்து தேய்ஞ்சா ஆதாரமும் தேய்ஞ்சிடும். டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சு போட்டோ எடுங்க. நிழல் விழுந்து எழுத்து தெரியும்.

பேரைவிட முகவரி நிறையப் பேசும். கூகுள் பின்கோடு கேட்குதே, அந்த ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-லதான் வந்தது. தகட்டுல அது இருந்தா மேஜைக்கு நூறு வயசு ஆகலை. "மெட்ராஸ்-2" மாதிரி ஊர்ப் பேர் பக்கத்துல சின்ன எண் இருந்தா அது பின்கோடுக்கு முந்தின வழக்கம். "கல்கத்தா", "பாம்பே"ன்னு இருக்கிறது மட்டும் பெரிய ஆதாரமில்லை. பாம்பே 1995 வரைக்கும், மெட்ராஸ் 1996 வரைக்கும், கல்கத்தா 2001 வரைக்கும் அரசாங்கக் காகிதத்துலயே அப்படித்தானே இருந்துச்சு.

இங்கிலாந்து மேஜைகள்ல "மாட்சிமை பொருந்திய ராணிக்கு" சப்ளை செய்றவங்கன்னு பெருமையாப் போட்டிருப்பாங்க. ராணின்னா ஒண்ணு விக்டோரியா, அதாவது 1901-க்கு முன்னாடி. இல்லைன்னா எலிசபெத், 1952-க்கு அப்புறம். "ராஜாவுக்கு"ன்னு இருந்தா நடுவுல உள்ள காலம். ஒரு சொல்லுல அரை நூற்றாண்டைக் கழிச்சுடலாம்.

ஒரு எச்சரிக்கை. குஷன் ரப்பரையோ துணியையோ மாத்திக் கொடுத்த கம்பெனியும் தன்னோட தகட்டை அடிச்சுட்டுப் போகும். அதனால தகட்டுல இருக்கிற பேர் மேஜையைச் செஞ்சவரோடதா, ரிப்பேர் பார்த்தவரோடதான்னு அடியில பார்த்த விஷயங்களோட ஒப்பிடணும். ரெண்டு தகடு இருந்தா சந்தோஷப்படுங்க, மேஜையோட வாழ்க்கை வரலாறே கிடைச்ச மாதிரி.

சரி, என்னென்ன பேர் வரலாம்?

தர்ஸ்டன். மேலே சொன்ன அதே ஜான் தர்ஸ்டன், 1799-ல லண்டன்ல கடை ஆரம்பிச்சவர். ஸ்லேட்டுக்கு அப்புறம் 1835-ல ரப்பர் குஷனையும் கொண்டு வந்தார். அதுக்கு முன்னாடி குஷனுக்குள்ள துணித் துண்டுகளைத் திணிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்த முதல் ரப்பர் லண்டன் குளிர்ல கல்லு மாதிரி இறுகிப் போயிடும். ஆட்டத்துக்கு முன்னாடி சூடு பண்ண வேண்டிய கொடுமை. 1840-கள்ல கந்தகம் கலந்து பதப்படுத்தின ரப்பர் வந்த பிறகுதான் தீர்வு. தகட்டுல "கேத்தரின் ஸ்ட்ரீட், ஸ்ட்ராண்ட்"னு முகவரி இருந்தா 19-ம் நூற்றாண்டு. "லெஸ்டர் ஸ்கொயர்"னா 1901-க்கு அப்புறம். அந்த லெஸ்டர் ஸ்கொயர் கட்டடம் 1940-ல ஜெர்மன் குண்டு விழுந்து சேதமாச்சு.

பரோஸ் அண்ட் வாட்ஸ். 1836-ல ஆரம்பிச்சது, லண்டன் சோஹோ ஸ்கொயர்ல இருந்த கம்பெனி. பிரிட்டிஷ் ஆட்சி நடந்த ஊர்கள்ல அதிகமா அடிபடுற பேர் இது. "ஸ்டீல் வேக்யூம்"னு குஷன் பேர் போட்ட தகடு கிடைச்சா இவங்களோடதுதான். 1960-கள்ல கம்பெனியோட தனி வாழ்க்கை முடிஞ்சிடுச்சு. அதனால "இப்போ செஞ்ச பரோஸ்"னு ஒண்ணு வந்தா யோசிங்க.

மான்செஸ்டரோட ஓர்ம் அண்ட் சன்ஸ், லண்டனோட காக்ஸ் அண்ட் யேமன், ஆஸ்திரேலியா மெல்போர்ன்ல 1853-ல ஆரம்பிச்ச ஆல்காக், இந்தப் பேர்களும் கண்ணுல பட்டா போட்டோ எடுத்து வைங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ரைலி. லங்காஷயர்ல ஆக்ரிங்டன்ங்கிற ஊர்ல 1878-ல ஆரம்பிச்ச கம்பெனி. துரைமாருக்கு மட்டும் இல்லாம, சாதாரணக் குடும்பம் வீட்ல வெச்சு ஆடுற மாதிரி சின்ன மேஜைகளை இவங்க தவணை முறையில வித்தாங்க. அதுல ஒரு வகை, பலகையைப் போட்டு மூடினா சாப்பாட்டு மேஜை, எடுத்தா பில்லியர்ட்ஸ் மேஜை. ஆடுறதுக்கும் சாப்பிடுறதுக்கும் ஏத்த மாதிரி உயரத்தைக் கூட்டிக் குறைக்க அடியில ஒரு அமைப்பு இருக்கும். உங்க பழைய வீட்ல நாலு பேர் சேர்ந்தாலும் நகராத ஒரு டைனிங் டேபிள் இருந்து, அதோட மேல்பலகை மூணு நாலு துண்டாப் பிரிஞ்சு வந்தா, தயவுசெஞ்சு ஒரு தடவை தூக்கிப் பாருங்க. சாம்பாருக்கு அடியில பச்சைத் துணி இருக்கலாம்.

இந்தியாவுல செஞ்சதுன்னா கல்கத்தாவோட சி. லாசரஸ் அண்ட் கோ முக்கியமான பேர். வைஸ்ராய் காலத்து மரச்சாமான் கடை, பில்லியர்ட்ஸ் மேஜையும் செஞ்சாங்க. ஜான் ராபர்ட்ஸ்னு ஒரு பேரும் வரலாம். அவர் தச்சர் இல்லை, அந்தக் காலத்து இங்கிலாந்து சாம்பியன். இப்போ கிரிக்கெட் வீரர் பேர்ல பேட் விக்கிற மாதிரி அவர் பேர்ல மேஜை.

இதே ராபர்ட்ஸ் இந்தியா வந்தப்போதான், ஸ்நூக்கர்னு ஒரு புது ஆட்டம் இங்க நடக்கறதைக் கேள்விப்பட்டு, நெவில் சேம்பர்லைன்ங்கிற ராணுவ அதிகாரியைச் சந்திச்சார். (பின்னாடி பிரிட்டிஷ் பிரதமர் ஆனவர் இல்லை, பேர் மட்டும் அதே.) 1875-ல ஜபல்பூர் ராணுவ மெஸ்ல மழைக்காலத்துல பொழுதுபோகாம, பில்லியர்ட்ஸ் மேஜையில கலர் பந்துகளைச் சேர்த்து சேம்பர்லைன் உருவாக்கின ஆட்டம் அது. 1880-களோட தொடக்கத்துல நம்ம ஊட்டி கிளப்போட பில்லியர்ட்ஸ் ரூம்லதான் அதோட விதிகளை எழுதி மாட்டினாங்க. உலகம் முழுக்க டிவியில பார்க்கிற ஸ்நூக்கரோட சட்டப் புத்தகம் நீலகிரியில பிறந்தது. குற்றாலத்துல ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை கிடைச்சா, அது இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

சுதந்திரத்துக்கு அப்புறம் இறக்குமதி கஷ்டமானதால உள்ளூர் மேஜைகள் பெருகுச்சு. 1958-ல கல்கத்தாவுல வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் ஜெயிச்சப்போ, அந்த ஆட்டத்துக்கு இங்க ஒரு மவுசும் வந்தது. 1950-கள், 60-கள் மேஜையை "வெறும் இந்தியத் தயாரிப்பு"ன்னு தள்ளிடாதீங்க. நல்ல கல், நல்ல தேக்கு இருந்தா ஆடுறதுக்கு அதுதான் வசதி. பாகமும் கிடைக்கும்.

அமெரிக்கப் பேர்னா பிரன்ஸ்விக். 1845-ல சின்சினாட்டியில ஆரம்பிச்சது. 1884-ல இன்னொரு பெரிய கம்பெனியோட சேர்ந்து பிரன்ஸ்விக்-பால்க்-கொலெண்டர் ஆச்சு. இந்த மூணு பேரும் சேர்ந்த தகடுன்னா 1884-க்கு அப்புறம்னு அர்த்தம். அதுல "மோனார்க் குஷன்ஸ்"னு எழுதியிருந்தா, மேஜையோட மாடல் மோனார்க்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க. அது குஷன் ரப்பரோட பேர். மோனார்க்ங்கிறது சிங்க உருவத்துல இரும்புக் கால் வெச்ச தனி மாடல், அதோட விலையே வேற. 1961-ல வந்த இவங்களோட கோல்டு கிரவுன், மூலைகள்ல பளபளக்கிற உலோகம் போட்ட மேஜை, பூல் ஆடுறவங்களுக்கு இன்னிக்கும் கனவு. பிரன்ஸ்விக் இன்னமும் மேஜை விக்கிறதால, பேரைப் பார்த்ததும் "ஆன்டிக்"னு குதிக்க முடியாது.

பந்துப் பெட்டியைத் திறக்கும்போது ஜாக்கிரதை

மேஜையோட ஒரு மரப்பெட்டியில பந்துகளும் வரலாம். மஞ்சளடிச்சு, நுணுக்கமா விரிசல் விட்டு, டார்ச்சுல குறுக்கு நெடுக்கா வலை மாதிரி ரேகை தெரிஞ்சா அது யானைத் தந்தமா இருக்கலாம். பழைய பில்லியர்ட்ஸ் பந்துக்காக எத்தனையோ யானைகள் செத்திருக்கு. இந்த மலையில யானை நடக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு இதைச் சும்மா சொல்லிட்டுப் போக முடியலை.

உணர்ச்சியை விடுங்க, சட்டம் இருக்கு. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972, அதுல பின்னாடி வந்த திருத்தங்கள்படி, தந்தத்தை விக்கிறதும் வாங்கறதும் குற்றம். ஆப்பிரிக்கத் தந்தம்னு சொன்னாலும் 1991 திருத்தத்துக்கு அப்புறம் தப்பிக்க முடியாது. "மேஜையோட ஃப்ரீ"ன்னு கொடுத்தாலும் வாங்காதீங்க, ஆன்லைன்ல போட்டோ போட்டு விலை கேட்காதீங்க. உங்க வீட்லயே இருந்தா வனத்துறை அலுவலகத்துல போய் என்ன செய்யணும்னு கேளுங்க.

தந்தமான்னு பார்க்க சூடான ஊசியால குத்திப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு இருக்கு. வேண்டவே வேண்டாம். 1860-கள்ல தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிச்சா 10,000 டாலர் பரிசுன்னு அமெரிக்க மேஜைக் கம்பெனி ஒண்ணு அறிவிச்சது. அந்தத் தேடல்ல ஜான் வெஸ்லி ஹையாட் கொண்டுவந்ததுதான் செல்லுலாய்டு, பழைய சினிமா ஃபிலிம் செஞ்ச அதே பொருள். சட்டுனு தீப்பிடிக்கும். உங்க கையில இருக்கிறது செல்லுலாய்டு பந்தா இருந்தா, ஊசி டெஸ்ட்டுக்கு விடை நெருப்புதான்.

வெளிநாட்டுல இருக்கிற அண்ணனுக்கு அனுப்பலாம்னு நினைச்சாலும் ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. நூறு வருஷம் தாண்டின பழம்பொருளை நாட்டை விட்டுத் தனியார் யாரும் அனுப்ப முடியாதுன்னு இன்னொரு 1972 சட்டம் சொல்லுது. தொல்லியல் துறைகிட்ட கேட்காம கன்டெய்னர் புக் பண்ணக் கூடாது.

வாங்கறதா முடிவு பண்ணிட்டீங்களா?

இடத்தை அளங்க. 12 அடி மேஜையைச் சுத்தி நாலு பக்கமும் கியூவை இழுத்து அடிக்க அஞ்சு அடி வேணும். அப்போ ரூம் 22-க்கு 16 அடி. ஒரு டன்னுக்கு மேல எடை எட்டுக் கால் வழியா இறங்குது. பழைய வீட்டு மாடின்னா இன்ஜினீயர்கிட்ட கேட்காம ஏத்தாதீங்க.

குஷனைச் சோதிக்க ஒரு பந்தை நீளவாக்குல ஓங்கி அடிங்க. நல்ல ரப்பர்னா நாலு நீளமாவது போய் வரும். ரெண்டாவது நீளத்துலயே தூங்கிட்டா ரப்பர் செத்துடுச்சு. குற்றாலச் சாரல் ஈரத்துல பூட்டிக் கிடந்த மேஜையில இது சகஜம். ரப்பர், துணி ரெண்டும் மாத்தக் கூடியவை, அதுக்காகப் பயந்து ஓட வேண்டாம். காலை மட்டும் நல்லாத் தட்டிப் பாருங்க, உள்ளே கரையான் தின்ன கால் பொத்துப் பொத்துன்னு சத்தம் கொடுக்கும்.

கழட்டும்போதுதான் பாதி மேஜைகள் சாகுது. ஒவ்வொரு பாகத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டி நம்பர் போடுங்க, கழட்டுறதை வீடியோ எடுங்க. கல்லைப் படுக்கவெச்சுத் தூக்கவே கூடாது. கண்ணாடி மாதிரி நிமிர்த்தி, விளிம்பு கீழே இருக்கிற மாதிரி, அடியில சாக்கு போட்டு ஏத்தணும். படுக்கவெச்சு லோடு ஆட்டோவுல ஏத்தினா முதல் ஸ்பீடு பிரேக்கர்லயே அஞ்சு கல் ஆறு ஆயிடும். மாட்டுறதுக்கு இந்த மேஜையில பழகின ஃபிட்டர்தான் வேணும். திருநெல்வேலி, மதுரைப் பக்கம் ஸ்நூக்கர் பார்லர்கள்ல விசாரிச்சா யாரைக் கூப்பிடறாங்கன்னு சொல்வாங்க. அவர் ரசமட்டம் வெச்சு, மூட்டுகளைப் பூசி, துணி இழுக்கிறதுக்கு ஒரு முழு நாள் எடுத்துக்கிட்டா கோபப்படாதீங்க, வேகமா முடிச்சாதான் கவலைப்படணும்.

லாரி கிளம்புறதுக்கு முன்னாடி பங்களாவோட பரணையும் படிக்கட்டுக்கு அடியில இருக்கிற ரூமையும் ஒரு தடவை பார்த்துடுங்க. சுவர்ல மாட்டுற ஸ்கோர் போர்டு, கியூ ஸ்டாண்டு, துணி தேய்க்கிற கனமான இஸ்திரிப் பெட்டி, நீளமான ரெஸ்ட் கம்பு, இதெல்லாம் மேஜையோட ஒண்ணா வந்தவை. விக்கிறவருக்கு அது விறகும் பழைய இரும்பும். மேஜையில தகடு தொலைஞ்சு போயிருந்தாக்கூட, ஸ்கோர் போர்டோட மேல் விளிம்புல செஞ்ச கம்பெனியோட பேர் இன்னும் தங்க எழுத்துல இருக்கலாம்.